உழைப்போர் நலமும் உடையோர் கடமையும்

வணிகனுக்கு முதல் பொருள். உழவனுக்கு முதல் நிலம். நாள்தோறும் உழைத்து உண்பவனுக்கோ அவன் உடலே முதல். வணிகன் தன் பொருளை இழப்பின், கடன் பெற்றேனும் மீண்டும் வாணிகம் தொடங்கலாம். மழை பொய்த்த நிலமும் மறு ஆண்டு விளையும். உழைப்பாளி தன் உடல்நலத்தை இழப்பின் அதனை யாரிடம் கடன் பெறுவது? அவன் படுக்கையில் வீழ்ந்தால் அவன் வீட்டு அடுப்பும் அவிகின்றது. பிள்ளைகளின் கல்வியும் நின்றுவிடுகின்றது. ஆதலின் அவ்வுடலைக் கொண்டு பயன்பெறுகின்ற முதலாளிக்கும் அதனைக் காக்கும் பொறுப்பு உண்டு. அப்பொறுப்பு யாது என்பதனை இப்பாடத்தில் ஆராய்வோம்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் இரண்டு உண்மைகளைக் கூறியுள்ளார். நோய் இன்னதெனத் தெளிந்தபின் அது தோன்றிய காரணத்தையும் ஆராய்ந்து, அதன் பின்னரே தணிக்கும் வழியை நாடவேண்டும் என்பது ஒன்று. நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து மருந்து தருபவர் என மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் தொழிற்கூடங்களுக்கும் பொருந்தும். தொழிலாளியின் நோய்க்குக் காரணம் பல வேளைகளில் அவன் பணிபுரியும் இடத்திலேயே இருக்கின்றது. மருத்துவர் மருந்து தரலாம். ஆலையில் பறக்கும் தூசியை அவரால் அடக்க இயலுமோ? அதனை அடக்க வல்லவர் ஆலையை உடையவரே.

இவ்வுண்மையை மேலைநாட்டு மருத்துவர் சிலரும் நன்கு உணர்ந்திருந்தனர். இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ராமாசினி என்பவர், பல தொழிலாளரையும் அவர்தம் பணியிடங்களையும் நேரிற் கண்டு, தொழிலால் விளையும் நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். மருத்துவர் நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு, ‘நீ என்ன தொழில் செய்கின்றாய்?’ என்பதனையும் சேர்த்துக் கேட்கவேண்டும் என்று அவர் அறிவுறுத்தினார். 1830-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரிலிருந்த நூற்பாலை உரிமையாளர் ஒருவர், தம் ஆலையில் உழைத்த சிறுவர்களின் நலிவு கண்டு வருந்தி, ராபர்ட் பேக்கர் என்னும் மருத்துவரிடம் அறிவுரை வேண்டினார். ஆலைக்கெனத் தனி மருத்துவர் ஒருவரை அமர்த்துக. அவர் நாள்தோறும் பணியிடங்களைப் பார்வையிடுக. வேலையால் நலிந்தவரை உடனே கண்டறிக என்பது பேக்கர் கூறிய வழி. நோயாளி மருத்துவரை நாடிச் செல்வதற்கு முன், மருத்துவர் தொழிலாளியை நாடி வரவேண்டும் என்பதே இதன் கருத்து. வருமுன் காத்தல் என்பது இதுவேயாகும்.

வருமுன் காத்தலின் இன்றியமையாமையைப் பஞ்சாலை ஒன்றைக் கொண்டே விளக்கலாம். பஞ்சினை அடித்துத் தூய்மை செய்யும் பகுதியில் நுண்ணிய தூசி எப்பொழுதும் மிதந்துகொண்டிருக்கும். அங்குப் பல ஆண்டுகள் பணிபுரிந்த ஒருவனை நினைத்துக்கொள்வோம். வார விடுமுறை கழிந்து மீண்டும் வேலைக்கு வரும் முதல் நாளில் அவனுக்கு மார்பு இறுகும், மூச்சுத் திணறும். மறுநாள் அது தணிந்துவிடும். அவனும் அதனைப் பொருட்படுத்தமாட்டான். மேலைநாட்டார் இதனைத் ‘திங்கட்கிழமைக் காய்ச்சல்’ என்று வழங்கினர்; மருத்துவ நூல்கள் பிசினோசிஸ் என்று கூறும். தொடக்கத்திலேயே அவனைத் தூசியிலிருந்து விலக்கினால் நுரையீரல் நலம் பெறும். விலக்காது விட்டால், வாரத்தில் ஒரு நாள் இருந்த திணறல் ஏழு நாளும் நிலைத்துவிடும். பின்னர் அவன் வேலையை விட்டாலும் நோய் அவனை விடாது.

அப்படியாயின் முதலாளி செய்யத்தக்கது யாது? தூசியை அது தோன்றும் இடத்திலேயே உறிஞ்சி வெளியேற்றும் பொறிகளை அமைத்தல் முதற்கடமை. முகக்கவசம் தருதல் அதற்குத் துணையாகுமேயன்றி ஈடாகாது. குறித்த கால இடைவெளியில் தொழிலாளரின் மூச்சுத் திறனை அளந்தறிதல் அடுத்த கடமை. திறன் குறைந்தவனைக் கூலி குறையாமல் தூசியில்லாத வேறு பகுதிக்கு மாற்றுதல் அதற்கும் அடுத்தது. கூலி குறையுமென அஞ்சினால் தொழிலாளி தன் நோயை மறைப்பான். மறைத்த நோய் முற்றும். நோயைப் பற்றிய செய்தி பிறரிடம் பரவாமல் காத்தலும் இதன்பாற்பட்டதே. இரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் உண்மையை யாரும் உரையார்.

கல்லுடைப்போரைத் தாக்கும் சிலிக்கோசிஸ் இதனினும் கொடியது. கல்தூசி நுரையீரலில் படிந்து உண்டாக்கும் அந்நோய்க்கு முற்றும் தீர்க்கவல்ல மருந்து இல்லை. ஆயினும் கல்லை அறுக்குங்கால் நீர் பாய்ச்சினால் தூசி பெரிதும் அடங்கும். தறிகளின் பேரொலியால் இழந்த செவிப்புலனும் மீளாது. ஒலியைக் குறைத்தலும் செவிக்காப்பு அணிதலும் அதனைக் காக்கும். தீர்க்க இயலாத நோயையும் தடுக்க இயலும் என்பதற்கு இவை சான்றாகும்.

காப்பதற்குப் பெரும்பொருள் வேண்டும் என்று எண்ணுதல் தவறு. தூய குடிநீர், காற்றோட்டம், தூய்மையான கழிப்பிடம், வெயிலில் உழைப்போருக்கு இடையிடையே நிழலும் ஓய்வும் ஆகிய எளிய உதவிகளே பல நோய்களை விலக்கும். துணிக்கடைகளில் நாள் முழுதும் நின்றே பணிபுரியும் பெண்களின் கால்வலியைப் போக்க ஓர் இருக்கை போதும். அவ்விருக்கையைக் கடைதோறும் அளித்தல் கட்டாயம் எனத் தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டில் சட்டத் திருத்தம் செய்யப்பட்டது. ஓர் இருக்கைக்கும் சட்டம் வேண்டியிருந்தது என்பது நாம் சிந்திக்கத்தக்கது.

இனி, எவ்வளவு காத்தாலும் நோய் அறவே வாராதிருக்கும் என்று கூற இயலாது. வந்தபின் நலம் பெறுவதற்கு மருந்தோடு ஓய்வும் வேண்டும். கூலியில்லாத ஓய்வு ஏழைக்கு ஓய்வாகாது, அது பட்டினியாகும். இதனைக் கருதியே நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டில் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் இயற்றப்பட்டது. 1952-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24-ஆம் நாள் கான்பூரில் நேரு அத்திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதலாளியும் தொழிலாளியும் மாதந்தோறும் பணம் செலுத்தும் பொதுநிதி அது. 2019 ஜூலை முதல் முதலாளியின் பங்கு கூலியில் நூற்றுக்கு 3.25 ஆகவும், தொழிலாளியின் பங்கு 0.75 ஆகவும் குறிக்கப்பட்டன. உரிய காலம் பணம் செலுத்திய தொழிலாளி நோயுற்றால், அவனுக்கு மருத்துவத்தோடு, ஓராண்டில் 91 நாள் வரை கூலியில் நூற்றுக்கு 70 பங்கும் கிடைக்கும். காசம் முதலிய நெடுநோய்களுக்கு அக்காலம் நீட்டிக்கப்படும்.

சட்டம் பணத்தைத் தரும். பரிவைத் தருதல் முதலாளியின் கையில் உள்ளது. காசநோய் கண்டவனை அச்சத்தால் வேலையினின்று நீக்குவோர் உளர். முறையாக மருந்துண்ணத் தொடங்கினால் சில வாரங்களிலேயே அந்நோய் பிறருக்குப் பரவும் தன்மை பெரும்பாலும் நீங்கிவிடும் என்பதை அவர் அறியார். நோயினின்று எழுந்தவன் வேரோடு பெயர்த்து நட்ட நாற்றினை ஒப்பான். அதன்மேல் முதல் நாளே பெருவெள்ளம் பாய்ச்சுவார் உண்டோ? தொடக்கத்தில் குறைந்த நேரமும் எளிய வேலையும் தந்து, வலிமை மீள மீளப் பழைய பணியை அளித்தல் வேண்டும். அவன் நோயுற்றிருந்தபோது நலம் உசாவிய ஒரு சொல்லும் மருந்தின் பயனைத் தரும்.

இவற்றால் முதலாளிக்கு இழப்பு நேருமோ எனின், நேராது. பத்தாண்டு பழகிய கைத்திறனை ஒரு நாளில் விலைக்கு வாங்க இயலாது. அத்திறனுடையவனைக் காப்பவர் தம் தொழிலையே காத்தவராவர். ஆயினும் ஊதியம் கருதி மட்டும் இதனைச் செய்தல் கூடாது. பாதுகாப்பும் உடல்நலமும் வாய்ந்த பணியிடம் உழைப்போரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்று எனப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2022-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. உரிமையாக உள்ள ஒன்றைக் கொடையாகக் கருதுதல் முறையன்று.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை தொழிலாளராவீர். சிலர் பலரைப் பணிகொள்ளும் நிலைக்கு உயர்வீர். பணிசெய்யுங்கால், உடலின் சிறு நலிவையும் மறையாது உரைமின். பணிகொள்ளுங்கால், மருத்துவத்தின் நான்காம் கூறாகிய உடனிருப்பவரின் இடத்தில் நீங்கள் நிற்கின்றீர்கள் என்பதை மறவாதீர். உழைப்பவனுக்கு அவன் உடலே முதல் என்று தொடக்கத்தில் கண்டோம். அம்முதலை நம்மை நம்பி நம்மிடம் ஒப்படைத்தவன் அவன். மாலையில் அவன் வீடு திரும்பும்பொழுது அதனைக் குறையாது திருப்பித் தருதலே உடையோர் கடமையாகும்.