பேஸ் கிட்டாருக்கு ஒரு முன்பெருக்கி

மெல்லிசைக் கச்சேரி என்றால் நம் கண் பாடகர் மீதும் பாடகி மீதும் நிற்கிறது. காது வயலினையும் கீபோர்டையும் நாடுகிறது. மேடையின் ஒரு மூலையில் தடித்த நான்கு கம்பிகளோடு நிற்பவரைப் பெரும்பாலும் நாம் கவனிப்பதில்லை. அவர் இரண்டு நிமிடம் கையை எடுத்துவிட்டால், பாட்டு தரையில் ஊன்றாமல் மிதப்பதுபோல் தோன்றுகிறது. அவர் கையில் உள்ள கருவியே பேஸ் கிட்டார். இளையராஜாவின் பாடல்களில் சசிதரனும், ஏ. ஆர். ரகுமானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸும் வாசித்த பேஸ் வரிகளைத் தனியே பிரித்துக் கேட்டுப் பாருங்கள். பாட்டுக்குள் இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருப்பது புலப்படும்.

இக்கருவிக்கு வயது அதிகமில்லை. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் 1951இல் ‘பிரெசிஷன் பேஸ்’ என்ற பெயரில் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்தவர்களுக்குத் தோளில் மாட்டும் கருவி கிடைத்தது. கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம். தடித்த கம்பி வினாடிக்கு 41 முறையும், மற்றவை முறையே 55, 73, 98 முறையும் அதிர்கின்றன. இன்றுவரை இந்த அளவுகள் பெரிதும் மாறவில்லை.

இக்கட்டுரை எழுந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். உடன்குடியைச் சேர்ந்த மாணவ நண்பர் ஒருவர் மெல்லிசைக் குழு ஒன்றில் பேஸ் வாசிக்கிறார். கோயில் கொடைகள், திருமண வரவேற்புகள், கிறிஸ்துமஸ் விழாக்கள், எல்லாவற்றுக்கும் மேலாகக் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா ஆகியவையே அவருக்கு வருமானம் தரும் நாட்கள். கல்லூரிக் கட்டணமும் அதிலிருந்துதான். கையில் உள்ள பழைய கருவி இனித் தாங்காது என்று, தச்சு வேலை தெரிந்த ஆசாரி ஒருவரிடம் புதிதாக ஒன்று செய்யக் கொடுத்திருக்கிறார். மரம் முடிவாகிவிட்டது, பிக்கப்பும் வாங்கியாயிற்று. உள்ளே வைக்கும் முன்பெருக்கி, அதாவது ப்ரீஆம்ப், எது என்பதில்தான் குழப்பம். நல்ல வெளிநாட்டு முன்பெருக்கி ஒன்றின் விலை மரத்தையும் கூலியையும் நெருங்குகிறது. தவறாகத் தேர்ந்தால் ஒரு தசராவின் வருமானம் முழுதும் போய்விடும். இயற்பியல் படிக்கிறவர்கள் பதில் சொல்லுங்கள் என்று அவர் கேட்டார்.

முதலில் பிக்கப் என்பதைப் பார்ப்போம். காந்தத் துண்டுகளைச் சுற்றித் தலைமுடியினும் மெல்லிய செப்புக் கம்பி பல ஆயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. ஃபாரடே விதியை ஆய்வகத்தில் கால்வனாமீட்டர் முள் அசைவதைக் கண்டு படித்தோமே, அதே விதிதான். இந்தச் சிறு மின்னழுத்தம் ஒலி அளவுக் குமிழையும் தொனிக் குமிழையும் கடந்து, கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபையருக்குப் போகிறது. மின்கலம் எதுவும் இல்லாத இந்த அமைப்புக்குப் ‘பாஸிவ்’ என்று பெயர். இதில் உள்ள தொனிக் குமிழ் ஒரு மின்தேக்கியின் வழியாக மேல்சுரங்களைத் தரைக்கு ஒழுகவிடுகிறதே தவிர, எதையும் கூட்டுவதில்லை. உடன்குடிக்காரர்களுக்கு உவமை சொல்லவா வேண்டும்? பதநீரைக் காய்ச்சினால் நீர் போகும். பனை தராத இனிப்பை அடுப்பு தராது.

அடுத்தது கேபிள். இதனைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கிட்டார் கேபிளுக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் மின்தேக்குத் திறன் உண்டு. பிக்கப் சுருளின் தன்மின்தூண்டல் 4 ஹென்றி என்றும், சுருளின் சொந்த மின்தேக்குத் திறன் 100 பிகோஃபாரட் என்றும் கொள்வோம். 6 மீட்டர் கேபிள் போட்டால் இவற்றின் ஒத்ததிர்வு ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸில் அமைகிறது. அதற்கு மேலுள்ள ஒலி வேகமாகத் தேய்ந்துவிடும். தசரா மேடையில் ஆம்ப்ளிஃபையர் எங்கோ இருக்க, 15 மீட்டர் கேபிள் இழுத்தால் அதே ஒத்ததிர்வு 2,000 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. வீட்டில் தெளிவாக ஒலித்த கருவி மேடையில் போர்வைக்குள்ளிருந்து ஒலிப்பதுபோல் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கம்பியை மாற்றி மாற்றிப் பணத்தை விரயம் செய்வோர் கேபிளின் நீளத்தை ஒருமுறை அளந்து பார்க்கலாம்.

முன்பெருக்கியின் முதற்பணி இங்குதான் தொடங்குகிறது. அதன் உள்வாயில் 10 லட்சம் ஓம் அளவுக்கு மின்மறுப்பு இருப்பதால் பிக்கப்பின் மீது பாரம் ஏறுவதில்லை. வெளிவாயில் மின்மறுப்பு ஆயிரம் ஓம் அளவோ அதற்கும் கீழோ இருக்கும். ஆயிரம் ஓமும் 15 மீட்டர் கேபிளும் சேர்ந்தால் ஒலி தேயத் தொடங்கும் இடம் ஒரு லட்சம் ஹெர்ட்ஸைத் தாண்டிவிடுகிறது. மனிதக் காதின் எல்லையே 20,000 அன்றோ! ஆகவே கேபிளின் நீளம் ஒரு பொருட்டாக இராது. பிக்கப் இப்போது கருவிக்குள் இருக்கும் சிறு கம்பியை மட்டுமே காண்பதால் அதன் ஒத்ததிர்வு மேலே ஏறி, ஒலி கூர்மையாகிறது. இந்தக் கூர்மை சிலருக்குப் பிடிப்பதில்லை. பழைய பாடல்களின் உருண்டையான பேஸ் ஒலியை விரும்புகிறவர் முன்பெருக்கி இல்லாமலே இருக்கலாம். அது குறையாகாது.

இரண்டாம் பணி தொனியைக் கூட்டுதல். 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் அலெம்பிக் நிறுவனத்தார் கையால் செய்த விலையுயர்ந்த பேஸ்களுக்குள் மின்சுற்று வைத்தனர். 1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே, 9 வோல்ட் மின்கலமும் கீழ்ச்சுரம், மேல்சுரம் என்ற இரு குமிழ்களும் கொண்டு, அந்த வசதியைத் தொழிற்சாலைக் கருவிக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில் ‘அன்னக்கிளி’ வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். பின்னர் வந்த பல முன்பெருக்கிகளில் நடுப்பகுதிக்கும் ஒரு குமிழ் உண்டு.

இரண்டு குமிழா, மூன்று குமிழா? ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசிப்பவருக்கு இரண்டு போதும் என்பார்கள். நம் நண்பர் வாசிக்கும் இடம் வேறு. கொடை விழாவில் தெருவெங்கும் கட்டியிருப்பது கூம்பு ஒலிபெருக்கி. அதில் ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் வெளிவராது. தடித்த கம்பியின் 41 ஹெர்ட்ஸ் அதற்குள் புகுந்து அப்படியே மறைந்துபோகும். ஆயினும் தெருக்கோடியில் நிற்பவருக்கு அந்தச் சுரம் கேட்கிறது. எப்படி? கம்பி 41இல் மட்டும் அதிர்வதில்லை. அதன் மடங்குகளான 82, 123 என்று மேலேறி, எட்டாம் மடங்கில் 330 ஹெர்ட்ஸைத் தொடுகிறது. கூம்பு வழியே வெளிவரும் இந்த மடங்குகளைக் கேட்டுக் காதும் மூளையும் சேர்ந்து இல்லாத அடிச்சுரத்தை இட்டு நிரப்பிக்கொள்கின்றன. எனவே இத்தகைய மேடையில் கீழ்ச்சுரக் குமிழை எவ்வளவு திருப்பினாலும் ஆம்ப்ளிஃபையர் சூடேறுமே தவிரப் பயன் குறைவு. 400 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையுள்ள நடுப்பகுதியைச் சற்று உயர்த்தினால் பேஸ் வரி துலங்கும். மூன்று குமிழ் உள்ளதையே நான் சிபாரிசு செய்தேன்.

மின்கலம் ஒன்றா இரண்டா என்பது அடுத்த கேள்வி. கீழ்ச்சுரத்தை 12 டெசிபெல் கூட்டினால் மின்னழுத்தம் நான்கு மடங்காகிறது. கட்டைவிரலால் கம்பியை அறைந்து வாசிக்கும்போது பிக்கப் ஒரு வோல்ட் உச்சம் தரக்கூடும்; நான்கு மடங்கு என்றால் 4 வோல்ட். 9 வோல்ட் மின்கலத்தில் இயங்கும் சுற்று மேலும் கீழும் 4 வோல்ட்டை எட்டுவதே கடினம். மின்கலம் பழையதானால் இன்னும் குறையும். அப்போது அலையின் தலை வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும். 18 வோல்ட் கொடுத்தால் இந்த இடர் நீங்கும். ஆனால் இரண்டு மின்கலத்துக்கு இடமும் செலவும் வேண்டும். சுற்றும் அந்த அழுத்தத்தைத் தாங்குவதாக இருக்க வேண்டும். விரல் நுனியால் மெல்ல வாசிப்பவருக்கு 9 வோல்ட்டே தாராளம். 1,320 மெகாவாட் அனல் மின் நிலையத் திட்டம் வந்துள்ள உடன்குடியில் உட்கார்ந்து ஒன்பது வோல்ட்டுக்குக் கணக்குப் பார்ப்பது வேடிக்கைதான்!

எத்தனை நாள் உழைக்கும்? நல்ல ஆல்கலைன் மின்கலத்தில் சுமார் 500 மில்லி ஆம்பியர் மணி இருக்கும். முன்பெருக்கி ஒரு மில்லி ஆம்பியர் எடுத்தால் 500 மணி நேரம். பெட்டிக்கடையில் கிடைக்கும் மலிவான மின்கலம் அவ்வளவு உழைக்காது, ஒழுகவும் செய்யும். பெரும்பாலான கருவிகளில் கேபிளைச் செருகுவதே சுவிட்ச். வாசித்து முடித்தபின் செருகியபடியே சுவரில் சாய்த்துவைத்தால், மின்கலம் யாருமில்லாத அறையில் மூன்று வாரத்தில் தீர்ந்துபோகும்.

இங்கேதான் பிழைப்பு பற்றிய விஷயம் வருகிறது. பத்தாம் நாள் நள்ளிரவு சூரசம்ஹாரத்துக்குக் குலசையில் கடல்போல் கூட்டம் திரண்டிருக்கும் நாட்களில், வேடம் கட்டியவர்களுக்கு நடுவே, நடுப்பாட்டில் மின்கலம் தீர்ந்தால் கருவி மரக்கட்டைதான். அடுத்த ஆண்டு அந்தக் குழுவை யார் அழைப்பார்கள்? ஆகவே முன்பெருக்கியை முற்றிலும் விலக்கி, பிக்கப்பை நேரே கேபிளுக்கு இணைக்கும் சுவிட்ச் கட்டாயம் இருக்க வேண்டும். அதுவும் ஒரு பாஸிவ் தொனிக் குமிழோடு இருந்தால் இன்னும் நல்லது. எவ்வளவு புகழ்பெற்ற முன்பெருக்கியாக இருந்தாலும், இந்த வசதி இல்லையென்றால் கச்சேரிக்காரர் அதை வாங்கக் கூடாது என்பது என் கருத்து. தாமே மின்கலத்தில் இயங்கும் ‘ஆக்டிவ்’ பிக்கப்புகளுக்கு இந்த வழி இல்லை. நண்பர் வாங்கியது சாதாரணப் பிக்கப் என்பதால் தப்பித்தார்.

இரைச்சலைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. முன்பெருக்கி வைத்தால் ‘உம்’ என்ற ஓசை போய்விடும் என்று நம்புகிறார்கள். ஒற்றைச் சுருள் பிக்கப் 50 ஹெர்ட்ஸ் மின்புலத்தை வாங்கினால், முன்பெருக்கி அதையும் சேர்த்தே பெருக்கும். சீரியல் விளக்குகளும் ஜெனரேட்டரும் சூழ்ந்த மேடையில் இது பெரிய தொல்லை. எதிரெதிராக இணைத்த இரட்டைச் சுருள் பிக்கப்பும், உட்குழி முழுதும் செப்புத் தகடு ஒட்டித் தரையிணைப்புக் கொடுப்பதுமே இதற்கு மருந்து. தகட்டுக்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

தரையிணைப்பு என்றதும் ஓர் எச்சரிக்கை. சாதாரணக் கருவியில் கம்பிகள் தரையோடு இணைக்கப்பட்டிருக்கும். மேடையின் எர்த் சரியில்லை என்றால், கம்பியைத் தொட்ட கையோடு மைக்கைத் தொடும்போது உடல் வழியே மின்சாரம் பாயலாம். 1972ஆம் ஆண்டு மே மாதம் ஸ்வான்சீ நகரில் ‘ஸ்டோன் தி குரோஸ்’ குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிர் நீத்தார். 9 வோல்ட் மின்கலம் உள்ளே இருப்பதால் ஆபத்தில்லை என்று எண்ண வேண்டாம். ஆபத்து கேபிளின் மறுமுனையிலிருந்து வருகிறது. டெஸ்டரால் மைக்கையும் ஆம்ப்ளிஃபையர் உடலையும் தொட்டுப் பார்த்தபின் வாசிக்கத் தொடங்குவதும், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே இணைப்பைத் துண்டிக்கும் கருவியை மேடை இணைப்பில் கேட்டு வாங்குவதும் நலம்.

பழுது பார்ப்பதையும் நினைக்க வேண்டும். சில நிறுவனங்கள் சுற்று முழுவதையும் எபாக்சிப் பிசினால் மூடிவிடுகின்றன. ஈரம் புகாது என்பது உண்மை. கெட்டால் தூக்கி எறிய வேண்டும் என்பதும் உண்மை. மணப்பாட்டுப் பக்கமிருந்து உப்புக் காற்று வீசும் ஊரில் இரண்டையும் சீர்தூக்க வேண்டியிருக்கிறது. திறந்த பலகையில் டிஎல்062 போன்ற பரவலாகக் கிடைக்கும் ஐ.சி. பொருத்திய முன்பெருக்கியையே நான் விரும்புவேன். இந்த ஐ.சி. ஒரு பெருக்கிக்குச் சுமார் 0.2 மில்லி ஆம்பியரே எடுக்கும். டிஎல்072 இரைச்சல் குறைந்தது, ஆனால் 1.4 மில்லி ஆம்பியர் கேட்கும். சென்னை ரிச்சி தெருவில் இரண்டும் எளிதில் கிடைக்கின்றன. பலகையின் மீது வார்னிஷ் பூசிவிட்டால் உப்புக் காற்றையும் ஓரளவு தடுக்கலாம். பணம் அறவே இல்லையென்றால், ஒரு புலவிளைவு டிரான்சிஸ்டரும் சில மின்தடைகளும் கொண்டு, தொனிக் குமிழ் இல்லாத ஒரு தாங்கற்சுற்றை நம் ஆய்வகத்திலேயே பற்றவைத்துவிடலாம். கேபிள் தொல்லை அதோடு தீரும்.

இவை அனைத்தும் ஆசாரி உளியை எடுப்பதற்கு முன் முடிவாக வேண்டும். உடல் பலகையின் கனம் 44 மில்லிமீட்டர்தான். 9 வோல்ட் மின்கலம் 48 மில்லிமீட்டர் நீளமும் 26 அகலமும் 17 கனமும் உடையது. அதற்குத் தனிக் குழியும், திருகாணி இல்லாமல் திறக்கும் மூடியும் வேண்டும். முன்பெருக்கிப் பலகையின் அளவு, குமிழ்களின் எண்ணிக்கை, விலக்குச் சுவிட்சின் இடம் ஆகியவற்றை அட்டையில் வெட்டி மரத்தின் மீது வைத்துப் பார்த்தோம். “குழியைப் பெருசா எடுத்துட்டா மரம் பேசாது தம்பி” என்றார் ஆசாரி. அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. இறுதியில் மூன்று குமிழ்ச் சுற்று, ஒரு மின்கலம், ஒரு விலக்குச் சுவிட்ச் என்று முடிவாகி, மீதமான பணத்தில் செப்புத் தகடும் 6 மீட்டரில் ஒரு நல்ல கேபிளும் வாங்கினோம்.