பாறு கழுகுகளின் மீள் அறிமுகம்: திருக்கழுக்குன்றமும் மோயாறும்

பாறு கழுகு என்பது இறந்த விலங்குகளின் உடலைத் தின்று வாழும் பெரிய பறவை ஆகும். பேச்சு வழக்கில் இதைப் பிணந்தின்னிக் கழுகு என்பர். ஓர் இடத்தில் அற்றுப்போன உயிரினத்தை, வேறிடத்திலிருந்து கொண்டுவந்தோ காப்பிடத்தில் வளர்த்தோ மறுபடியும் அங்கே வாழவிடுவது மீள் அறிமுகம் எனப்படும். பாறுகளை இப்படித் திரும்பக் கொண்டுவரலாமா, அதற்கு முன் செய்யவேண்டியது என்ன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தமிழ்நாட்டில் வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு என நான்கு வகைகள் காணப்படுகின்றன.

திருக்கழுக்குன்றத்துக் கழுகுகள்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வழியாக ஏறக்குறைய 45 கிலோமீட்டர் தொலைவில் திருக்கழுக்குன்றம் உள்ளது. ஊரின் பெயரிலேயே கழுகு இருக்கிறது. பட்சி தீர்த்தம் என்றும் இவ்வூரை அழைப்பர். இங்குள்ள வேதகிரீசுவரர் மலைக்கோயிலில் உச்சிப்பொழுதில் பாறையின் மேல் சர்க்கரைப் பொங்கல் வைக்கப்படும். இரண்டு கழுகுகள் வந்து அதை உண்டுவிட்டுப் பறந்து செல்லும். அவை காசியில் நீராடி இங்கே உணவு கொள்ளும் முனிவர்கள் என்பது மக்கள் நம்பிக்கை. மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா வரும் பள்ளிப் பிள்ளைகளையும் இக்காட்சிக்காகப் படியேற்றி அழைத்துச் செல்வது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது.

அங்கு வந்தவை மஞ்சள்முகப் பாறுகள். உடல் வெள்ளையாகவும் முகம் மஞ்சளாகவும் இறக்கையின் ஓரம் கறுப்பாகவும் இருக்கும். 1990களின் பிற்பகுதிக்குப் பின் அவை வருவது நின்றுவிட்டது. இந்தியா முழுவதும் பாறுகள் வேகமாகக் குறைந்த காலமும் அதுவே.

அழிவின் காரணம்

1992 முதல் 2007 வரையிலான 15 ஆண்டுகளில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் 99.9 விழுக்காடு அழிந்தன. முதலில் ஏதோ ஒரு தொற்றுநோய் என்றே பலரும் எண்ணினர். பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் உண்மையை வெளிப்படுத்தியது. மாடுகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் போடப்படும் டைக்ளோஃபினாக் என்ற மருந்தே காரணம்.

நோயுற்ற மாட்டுக்கு இந்த ஊசி போடப்படுகிறது. அடுத்த ஓரிரு நாளில் மாடு இறந்தால் மருந்து அதன் இறைச்சியிலும் ஈரலிலும் தங்கிவிடுகிறது. அதைத் தின்னும் பாறுகளின் சிறுநீரகம் செயலிழக்கிறது. இரத்தத்தில் யூரிக் அமிலம் பெருகி, உள்ளுறுப்புகளின் மேல் வெள்ளைப் பொடியாகப் படிகிறது. சில நாட்களில் பறவை இறந்துவிடும். பாறுகள் கூட்டமாக உண்பவை. ஆகவே நூறு பிணங்களில் ஒன்றில் நஞ்சு இருந்தாலும் இனமே சரிந்துவிடும். ஒரு பாறு முதிர்ச்சியடைய ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஆகும். அதன் பிறகும் ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். அதனால் இழப்பை அவற்றால் எளிதில் ஈடுகட்ட முடிவதில்லை.

பாறு இல்லாததன் விளைவு

செத்த மாட்டை ஒரு பாறுக் கூட்டம் ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். பாறுகள் போனபின் பிணங்கள் அழுகிக் கிடந்தன, நீர்நிலைகள் மாசுபட்டன, தெருநாய்கள் பெருகின. 2000 முதல் 2005 வரை இதனால் சுமார் 5 இலட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் பலியாகியிருக்கலாம் என்று 2024இல் வெளியான ஒரு பொருளியல் ஆய்வு மதிப்பிட்டது.

சட்ட நடவடிக்கைகள்

கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் தருவதை இந்திய அரசு 2006இல் தடை செய்தது. ஆனால் மனிதர்களுக்கான அதே மருந்து பெரிய குப்பிகளில் கடைகளில் கிடைத்ததால் அது மாடுகளுக்கும் போடப்பட்டது. எனவே 2015இல் குப்பியின் அளவு 3 மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது. இதை எதிர்த்து மருந்து நிறுவனங்கள் தொடுத்த வழக்குகளை 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. கால்நடைப் பயன்பாட்டில் அசிக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென் ஆகியவை 2023இலும், நிமசுலைடு 2024 இறுதியிலும் தடை செய்யப்பட்டன. மெலாக்சிகாம் பாறுகளுக்குக் கேடு செய்யாத மாற்று மருந்து.

வளர்த்து விடும் முயற்சி

அரியானா மாநிலம் பிஞ்சோரில் வனத்துறையும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் சேர்ந்து 2001இல் பாறு பராமரிப்பு மையத்தைத் தொடங்கின. பின்னர் அது இனப்பெருக்க மையமாக வளர்ந்தது. 2020இல் அங்கிருந்து 8 வெண்முதுகுப் பாறுகள் காட்டில் விடப்பட்டன. மகாராட்டிரத்தின் தடோபாவில் 2024இல் விடப்பட்ட ஒரு பாறு பல மாநிலங்களைக் கடந்து தமிழ்நாடு வரை வந்தது. பாறுகளுக்கு மாநில எல்லை கிடையாது. ஓரிடத்தில் விட்ட பறவை அங்கேயே இரை தேடும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

தமிழ்நாட்டில் எழும் விவாதம்

நீலகிரி, ஈரோடு மாவட்டங்களில் உள்ள மோயாற்றுப் பள்ளத்தாக்குதான் தமிழகப் பாறுகளின் முக்கியப் புகலிடம். 2025இல் தென்மாநிலங்களில் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பில் 390 பாறுகள் மதிப்பிடப்பட்டன. அவற்றில் 157 தமிழ்நாட்டில் இருந்தன. தமிழ்நாட்டிலும் ஓர் இனப்பெருக்க மையம் அமைக்கலாம் என 2020-25க்கான தேசியச் செயல்திட்டம் பரிந்துரைத்தது.

மையம் வேண்டும் என்போர், எஞ்சியிருக்கும் கூட்டம் மிகச் சிறியது என்கின்றனர். நஞ்சு வைத்த ஒரே பிணத்தால் பெரும்பகுதி அழிந்துவிடலாம். அப்படி நேர்ந்தால் காப்பில் வளரும் பறவைகள்தான் விதைநெல்லாக இருக்கும்.

வேண்டாம் என்போர், மோயாற்றில் பாறுகள் தாமாகவே கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதைச் சுட்டிக்காட்டுகின்றனர். அங்கிருந்து பறவைகளைப் பிடித்தால் இருக்கும் கூட்டமும் மெலியும். அந்தச் செலவை மருந்துக் கண்காணிப்புக்கும் இரை கிடைக்கச் செய்வதற்கும் பயன்படுத்துவதே மேல் என்பது இவர்கள் வாதம்.

இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் செய்தி ஒன்று உண்டு. நஞ்சு நீங்காத நிலத்தில் பறவையை விடுவது வீண். அமெரிக்காவின் கலிபோர்னியக் காண்டோர் இதற்குச் சான்று. 1987இல் காட்டில் எஞ்சிய எல்லாக் காண்டோர்களும் பிடிக்கப்பட்டு வளர்க்கப்பட்டன. 1992 முதல் அவை மீண்டும் விடப்பட்டன. ஆனால் வேட்டைக்காரர்களின் ஈயத் தோட்டா பாய்ந்த விலங்குகளைத் தின்று இன்றும் அவை நஞ்சேறி இறக்கின்றன.

திருக்கழுக்குன்றத்துக்குத் திரும்புமா?

பாறுகளை விடுமுன் அவ்விடத்தைச் சுற்றி 100 கிலோமீட்டர் ஆரமுள்ள பாறு பாதுகாப்பு வளையம் வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். மாணவர்கள் வரைபடத்தில் திருக்கழுக்குன்றத்தை மையமாக வைத்து இவ்வட்டத்தை வரைந்து பார்க்கலாம். கிழக்கே கடல் போக, தாம்பரம், சென்னை, காஞ்சிபுரம், புதுச்சேரி எல்லாம் அதற்குள் வந்துவிடும். இத்தனை ஊர்களின் மருந்துக் கடைகளிலும் மாட்டுக் கொட்டகைகளிலும் தடை செய்யப்பட்ட மருந்து இல்லாமல் இருக்கவேண்டும். உயர்மின் கம்பிகளும் குறைந்துவரும் மேய்ச்சல் நிலமும் கூடுதல் தடைகள். ஆகவே இன்றைய நிலையில் இங்கே பாறுகளைக் கொண்டுவந்து விடுவது அவற்றுக்கு நன்மை செய்யாது.

நாம் செய்யக்கூடியவை

1. மாடு வளர்ப்போர் கால்நடை மருத்துவரிடம் மெலாக்சிகாம் தருமாறு கேட்கலாம்.
2. மனிதர்களுக்கான வலி ஊசியைக் கடையில் வாங்கி மாட்டுக்குப் போடக் கூடாது.
3. செத்த கால்நடையின் உடலில் நஞ்சு தடவுவது சட்டப்படி குற்றம் என்பதை அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லவேண்டும்.
4. பறக்க முடியாமல் கிடக்கும் பெரிய கழுகைக் கண்டால் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

முடிவுரை

திருக்கழுக்குன்றத்தில் கழுகுகள் ஒருநாள் வராமல் போனபோது அதைத் தெய்வக் குறையாகவே பலர் எண்ணினர். ஆனால் நாடெங்கும் பாறுகளை அழித்தது மனிதர் கையிலிருந்த மருந்துக் குப்பி. அந்தக் குப்பியை விலக்குவதும் மனிதர் கையில்தான் உள்ளது. அதைச் செய்தால் மோயாற்றுப் பாறுகள் பெருகித் தாமாகவே பரவ வழி உண்டு. மீள் அறிமுகம் அதற்கு அடுத்த படியாகவே இருக்கவேண்டும்.