சேர்வராயன் மலையில் ஒரு சென்டிமீட்டர்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடையும் சாலைக்கு இருபுறமும் விரியும் சேர்வராயன் மலையில், நிலத்தின் எல்லை சமவெளியில் இருப்பதுபோல வரப்பாகவோ வாய்க்காலாகவோ கண்ணுக்குத் தெரிவதில்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிப் பயிரை இங்கே கொண்டுவந்த காலந்தொட்டு உருவான தோட்டங்களும், அரசின் காப்புக்காடுகளும், மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களும் விளைநிலங்களும், மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பாக்சைட் வெட்டியெடுத்த மேடுகளும் ஒன்றையொன்று ஒட்டியே கிடக்க, அவற்றைப் பிரிக்கும் கோடு பெரும்பாலும் புதருக்குள் மறைந்த ஒரு சர்வே கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு இழுக்கப்படும் கற்பனைக் கோடாகவே இருக்கிறது. இத்தகைய நிலத்தில் சங்கிலி பிடித்து அளப்பது எவ்வளவு இடர்ப்பாடானது என்பதை ஓர் எளிய கணக்கே காட்டிவிடும்: 20 பாகை சாய்ந்த சரிவில் தரையோடு தரையாக 100 மீட்டர் அளந்தால், வரைபடத்தில் குறிக்கவேண்டிய கிடைமட்டத் தூரம் 94 மீட்டர்தான், சாய்வைக் கழிக்க மறந்த இடத்தில் 6 மீட்டர் நிலம் ஏட்டளவில் கூடிவிடும்.

செயற்கைக்கோள் வழி இடங்காணும் உயர்துல்லிய ஏற்பி, சர்வேயர்களின் பேச்சில் ரோவர், இந்த இடர்ப்பாட்டைப் பெருமளவு நீக்கிவிட்டது. 2 மீட்டர் கோலின் உச்சியில் பொருத்திய அந்தக் கருவியைக் கல்லின்மேல் நிறுத்தினால், சரிவோ பள்ளமோ எதுவாயினும், ஒன்றிரண்டு சென்டிமீட்டர் துல்லியத்தில் அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் மூன்றும் சில நொடிகளில் கிடைக்கின்றன. ஆனால் அந்தச் சென்டிமீட்டரில் கருவியின் பங்கு ஒரு பகுதியே. மற்றவை தொலைவில் நிற்கும் துணை நிலையமும், இடைப்பட்ட காற்றும், தலைக்குமேல் கவிந்த மரங்களும், கடல்மட்டத்தை எதைக்கொண்டு கணக்கிடுகிறோம் என்பதும் சேர்ந்து தருபவை. இவை ஒவ்வொன்றையும் சேர்வராயன் மலை கடுமையாகச் சோதிக்கிறது என்பதனால், இந்தத் தொழில்நுட்பத்தின் வலிமையையும் வரம்பையும் விளங்கிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான இடம் தமிழகத்தில் அரிது.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் அணுக்கடிகார நேரத்தை வானொலி அலையில் ஏற்றி அனுப்ப, அது கீழே வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக்கொண்டு ஏற்பி தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒளி ஒரு நானோநொடியில், அதாவது ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், 30 சென்டிமீட்டர் செல்லும் என்பதால், நேரக்கணக்கில் நேரும் மிகச் சிறிய பிழையும் தரையில் மீட்டர்களாக விரிந்துவிடுகிறது. கைப்பேசி முதலிய எளிய ஏற்பிகள் நேரத்தை அறிய நம்பியிருக்கும் குறியீட்டில், ஒரு துண்டின் நீளமே ஏறத்தாழ 293 மீட்டர். அதனை நூறில் ஒரு பங்குவரை பிரித்தறிந்தாலும் சில மீட்டர் ஐயம் எஞ்சும். பாதை காட்ட அது போதும், பட்டா நிலத்தை அளக்கப் போதாது.

உயர்துல்லிய ஏற்பி, குறியீட்டைச் சுமந்துவரும் ஊர்தி அலையையே அளவுகோலாகக் கொள்கிறது. ஜிபிஎஸ்ஸின் முதன்மை அதிர்வெண்ணான 1575.42 மெகாஹெர்ட்சில் ஓர் அலையின் நீளம் சுமார் 19 சென்டிமீட்டர். அந்த அலை எந்தக் கட்டத்தில், அதாவது முகட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே எந்த நிலையில், வந்து சேர்கிறது என்பதை நூறில் ஒரு பங்குக்குக் கண்டறிய முடியுமாதலால், அளவு மில்லிமீட்டருக்கே இறங்கிவிடுகிறது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒரே மாதிரியான அலைகள் கோடிக்கணக்கில் தொடர்ந்து வரும்போது, கடைசி அலையின் கட்டம் தெரிகிறதே தவிர, செயற்கைக்கோளுக்கும் ஏற்பிக்கும் இடையே மொத்தம் எத்தனை முழு அலைகள் உள்ளன என்பது தெரிவதில்லை. மில்லிமீட்டர் கோடுகள் தெளிவாக இருந்தும் மீட்டர் எண்கள் அழிந்துபோன அளவுநாடாவைக் கையில் வைத்திருப்பவரின் நிலை இது. அறியப்படாத அந்த எண்ணிக்கை கட்டாயம் ஒரு முழு எண்ணாகவே இருக்கவேண்டும் என்ற ஒற்றைத் தகவலைப் பிடித்துக்கொண்டு, பல செயற்கைக்கோள்களின் அளவுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பொருந்தாதவற்றை விலக்கி, விடையைத் தேடும் கணித முறைகளில், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் டியூனிசன் 1993-இல் முன்வைத்த முறையே இன்றும் உலகெங்கும் பெரிதும் பயன்படுகிறது. முழு எண் உறுதிப்பட்டுவிட்டால் திரையில் ‘ஃபிக்ஸ்’ என்று காட்டும். உறுதிப்படாமல் பின்ன எண்ணாகவே ஊசலாடினால் ‘ஃப்ளோட்’ என்று காட்டும். ‘ஃப்ளோட்’ நிலையில் பதிவான ஒரு புள்ளி பல டெசிமீட்டர் விலகியிருக்கக்கூடும் என்பதால், இவ்விரு சொற்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு எல்லைத் தகராறில் மிகப் பெரிது.

இந்தத் தேடலை ஒற்றை ஏற்பியால் உடனுக்குடன் செய்து முடிப்பது கடினம். ஆகவே, இடம் துல்லியமாகத் தெரிந்த ஓரிடத்தில் இன்னோர் ஏற்பியைத் துணை நிலையமாக நிறுத்தி, இரண்டும் ஒரே நேரத்தில் அளந்தவற்றின் வேறுபாட்டை எடுத்தால், செயற்கைக்கோள் கடிகாரத்தின் பிழை முற்றாகவும், சுற்றுப்பாதையின் பிழையும் காற்றினால் நேரும் தாமதமும் பெரும்பகுதியாகவும் இரண்டிலும் பொதுவாக இருப்பதால் நீங்கிவிடுகின்றன. ஆர்டிகே என்று வழங்கும் உடனடி முறையின் அடிப்படை இதுவே. இத்தகைய, இடையறாது இயங்கும் நிலையங்களை இந்திய நில அளவைத் துறை நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேலாக நிறுவியுள்ளது. தமிழக நில அளவை மற்றும் நிலவரித் திட்டத் துறையும் மாநிலத்துக்கெனத் தனி நிலையங்களை அமைத்து, சர்வேயர்களுக்கு ரோவர்களை வழங்கி வருகிறது. அந்நிலையங்களின் திருத்தங்கள் கைப்பேசி இணையம் வழியாக வருகின்றன என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். செல்போன் சிக்னல் எட்டாத மலைமடிப்பில், வானம் முழுவதும் திறந்திருந்தும் ரோவர் வெறும் ஜிபிஎஸ்ஸாகிவிடுகிறது.

பொதுப்பிழை நீங்கும் என்ற கூற்று, இரண்டு ஏற்பிகளும் ஏறக்குறைய ஒரே காற்றின் கீழ் நிற்கும்வரைதான் உண்மை. சேலம் நகரம் கடல்மட்டத்துக்குமேல் சுமார் 280 மீட்டரில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில் இருக்கிறது. நிலப்படத்தில் இருபது கிலோமீட்டருக்கும் குறைவான இடைவெளி, காற்றழுத்தத்தில் ஏறத்தாழ 130 மில்லிபார் வேறுபாடு. நேர் மேலிருந்து வரும் அலையைக் காற்றின் உலர்பகுதி கடல்மட்டத்தில் சுமார் 2.3 மீட்டர் தாமதப்படுத்துகிறது என்றால், அடிவாரத்துக்கும் மலையுச்சிக்கும் இடையே மட்டும் அந்தத் தாமதம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் மாறிவிடுகிறது. உலர்காற்றை வாய்பாட்டால் திருத்திவிடலாம். அடிவாரத்தில் வெயிலும் மேலே மூடுபனியுமாக இருக்கும் ஐப்பசி மாதத்து முற்பகலில், நீராவியின் பங்கை எந்த வாய்பாடும் சரியாக ஊகிப்பதில்லை. அந்த எச்சம் முழுவதும் உயரக் கணக்கில்தான் போய் விழுகிறது. ஆகவே மலைமேல் வேலை செய்பவர் அடிவார நிலையம் ஒன்றையே நம்பாமல், மேலேயே பாறைமீது ஒரு துணை ஏற்பியை நிறுத்திக்கொள்வது கூடுதல் செலவாயினும் செய்யத்தக்கதே.

இதற்கும் மேலே, நூறு கிலோமீட்டர் உயரம் தாண்டியுள்ள அயனி மண்டலம், தென்னிந்தியாவுக்கே உரிய தொல்லையைத் தருகிறது. புவியின் காந்த நடுக்கோடு தமிழகம், கேரளத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. 1963-இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கும் இதுவே காரணம். அந்தக் கோட்டை ஒட்டிய பகுதிகளில் பகலில் சூரிய ஒளியால் மின்னூட்டம் பெற்ற படலம் அடர்ந்து மேலெழுகிறது. அலை கடந்துவரும் பாதையில் ஒரு சதுர மீட்டருக்கு 10,000 லட்சம் கோடி எலெக்ட்ரான்கள் இருந்தால் அதனை ஓர் அலகாகக் கொள்வர். ஓர் அலகு முதன்மை அதிர்வெண்ணில் 16 சென்டிமீட்டர் பிழையைத் தரும், 50 அலகோ அதற்கு மேலோ இருப்பது சூரியச் செயற்பாடு மிகுந்த ஆண்டுகளில் இப்பகுதிக்குப் புதிதன்று. சூரியன் மறைந்ததும் கீழ்ப்படலம் விரைந்து மெலிய, அடர்ந்த படலம் மேலே தங்கிவிடுவதால் நிலைகுலைந்து, மெலிந்த குமிழிகள் ஊடுருவி எழுகின்றன. அவற்றினூடே வரும் அலைகள் மினுமினுத்து, ஏற்பி எண்ணிவைத்த முழு அலைகளின் கணக்கு அறுந்துபோகிறது. மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் முன்னிரவில் இது மிகுதி. மாலை 7 மணிக்குமேல் ரோவர் பிடிவாதமாக ‘ஃப்ளோட்’டிலேயே நின்றால், பழுது கருவியில் இருக்கவேண்டியதில்லை.

அயனிப் படலம் வெவ்வேறு அதிர்வெண்களை வெவ்வேறு அளவில் தாமதப்படுத்தும் என்பதால், இரண்டு அதிர்வெண்களை ஒருங்கே பெறும் ஏற்பி அந்தத் தாமதத்தைத் தானே கணித்துக் கழித்துக்கொள்ள முடியும். இந்தியாவின் நாவிக் இடங்காணும் அமைப்பு 1176.45 மெகாஹெர்ட்சிலும், எஸ் பட்டையில் 2492 மெகாஹெர்ட்சை ஒட்டியும் அலைகளை அனுப்புகிறது. 2023 மே 29 அன்று ஏவப்பட்ட அதன் என்விஎஸ்-01 செயற்கைக்கோள் உள்நாட்டில் உருவாக்கிய ருபிடியம் அணுக்கடிகாரத்துடன், உலகெங்கும் கருவிகள் பெறும் முதன்மை அதிர்வெண்ணையும் சேர்த்துக்கொண்டது. நாவிக் செயற்கைக்கோள்கள் தென்னிந்திய வானில் உயரமான கோணங்களில் நிற்பவை என்பது மலைப்பள்ளங்களில் வேலை செய்வோருக்குத் தனிப்பட்ட நன்மை.

காப்பித் தோட்டத்துக்குள் நுழைந்ததும் சிக்கல் மண்ணுக்கு இறங்கி வருகிறது. ஏற்காட்டுக் காப்பி நிழலில் வளர்வது. உயர்ந்த சில்வர் ஓக் மரங்களும், அவற்றின் தண்டில் படர்ந்த மிளகுக்கொடியும், மழைக்காலத்தில் நனைந்த இலைகளும் செயற்கைக்கோள் அலையை உறிஞ்சியும் சிதறடித்தும், நேர்வழி அலையோடு சுற்றுவழி அலையையும் ஏற்பிக்குள் கலந்துவிடுகின்றன. இக்கலப்பில் சில வேளைகளில் தவறான முழு எண்ணே ‘ஃபிக்ஸ்’ ஆகிவிடுவதுண்டு, அதுதான் மிகவும் அஞ்சத்தக்கது. ஏனெனில் கருவி தன் பிழையைத் தானே அறியாது. கோலை அகற்றி, கருவியை ஒருமுறை அணைத்து எழுப்பி, செயற்கைக்கோள்களின் அமைப்பு மாறிய பிறகு அதே கல்லை மீண்டும் அளந்து இரண்டு விடைகளையும் ஒப்பிடுவதே இதற்கு நம்பத்தக்க மருந்து. கோலின் குமிழியும் கவனிக்கத்தக்கது: 2 மீட்டர் கோல் ஒரு பாகை சாய்ந்தாலே அடிமுனையின் இடம் 3.5 சென்டிமீட்டர் தவறிவிடும். மரநிழல் மிக அடர்ந்த இடத்தில், அருகிலுள்ள வெட்டவெளியில் இரண்டு புள்ளிகளை ரோவரால் நிலைநிறுத்தி, அங்கிருந்து, கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியால் உள்ளே உள்ள கல்லை அளப்பதே சீரான வழி.

மரத்தடியில் ஓடவேண்டிய எந்திரங்களுக்கும் இதே தடை உண்டு. இரண்டு அதிர்வெண்களைப் பெறும் ஆர்டிகே ஏற்பி ஒரு காலத்தில் பல லட்ச ரூபாய்க் கருவியாக இருந்தது. சுவிட்சர்லாந்தின் யூ-பிளாக்ஸ் நிறுவனம் 2018-இல் அறிவித்த எஃப்9பி போன்ற சிறு தொகுதிகள் வந்தபின், சில ஆயிரம் ரூபாயிலிருந்து சில பத்தாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிட்டதால், களையெடுக்கும் வண்டியும் மருந்து தெளிக்கும் டிரோனும் சென்டிமீட்டர் கணக்கில் நகரக் கற்றுக்கொண்டன. தரையில் ஓடும் வண்டிக்கு நிழலின் கீழ் ‘ஃபிக்ஸ்’ அறுபடும் நேரங்களில் முடுக்கமானியும் கேமராவும் கைகொடுத்து இடைவெளியை நிரப்பவேண்டும். மரங்களுக்கு மேலே பறக்கும் டிரோனுக்கு வானம் தடையின்றித் தெரிகிறது. ஆனால் டிரோனுக்கு உயரம் சிக்கலாகிறது. செயற்கைக்கோள் ஏற்பி தருவது, புவிக்குப் பொருத்தமாக வகுத்துக்கொண்ட கணித நீள்கோளத்திலிருந்து அளந்த உயரம். நீரோட்டமும் நில அளவை வரைபடமும் மதிப்பது கடல்மட்டத்திலிருந்து அளந்த உயரம். இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் புவியீர்ப்பு குறைந்த ஒரு பெருந்தாழ்வு இருப்பதால், அதன் விளிம்பிலுள்ள தமிழகத்தில் கடல்மட்டப் பரப்பு நீள்கோளத்தைவிட ஏறத்தாழ 90 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. திருத்தம் செய்யாத ரோவர் 1,500 மீட்டரிலுள்ள ஒரு கல்லை 1,410 மீட்டரை ஒட்டிய எண்ணாகக் காட்டும். பழைய உயரக்கோட்டு வரைபடத்தையும் ஏற்பியின் எண்ணையும் கலந்துகொண்டு சரிவைத் தொடர்ந்து பறக்கும் டிரோன் ஏறத்தாழ 90 மீட்டர் தவறான உயரத்தில் செல்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

எல்லைக் கல்லைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. 1802-இல் சென்னைப் பரங்கிமலையில் அடிக்கோடு அளந்து நில அளவையாளர் லாம்டன் தொடங்கிய பெரு முக்கோண அளவையின் முதுகெலும்பான வளைவு, 78 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டி, சேர்வராயன் மலைக்குச் சற்று மேற்கே வடக்கு நோக்கிச் சென்றது. அவருக்குப்பின் அப்பணியை ஏற்ற எவரஸ்ட் 1830-இல் வகுத்த நீள்கோளத்தின்படி தீட்டிய பழைய வரைபடங்களின் ஆயங்களை, அதாவது இடத்தைக் குறிக்கும் எண்களை, இன்றைய ஏற்பியில் அப்படியே இட்டால், இப்பகுதியில் நூறு மீட்டருக்கும் மேலாக விலகும். அது தெரிந்த பிழை, மாற்று வாய்பாடுகளும் உண்டு. பலர் கவனியாதது, நிலம் நகர்வதே. இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1990-களிலிருந்து இயங்கும் பன்னாட்டு ஜிபிஎஸ் நிலையத்தின் பதிவுகளே இதற்குச் சான்று. உலகப் பொதுச் சட்டகத்தில் எழுதிவைத்த ஒரு கல்லின் ஆயம், இருபது ஆண்டில் கல்லிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் விலகிவிடும். அருகிலுள்ள நிலையத்தை ஒட்டி அளந்த எண், அந்த நிலையத்துக்கு ஒதுக்கிய ஆண்டின் நிலையைத் தரும். நிலையமின்றிச் செயற்கைக்கோள் திருத்தங்களை மட்டும் நம்பி அளந்த எண், அளந்த நாளின் நிலையைத் தரும். இரண்டும் ஒரே கல்லின் எண்களே ஆயினும் ஒன்றோடொன்று ஒட்டமாட்டா.

எனவே, எஃப்எம்பி எனப்படும் புலப்படத்தில் இனி ஏறும் ஒவ்வோர் ஆயத்துடனும் எந்தச் சட்டகம், எந்த ஆண்டு நிலை, எந்தத் துணை நிலையம், ‘ஃபிக்ஸ்’ எத்தனை முறை சரிபார்க்கப்பட்டது ஆகிய நான்கும் எழுதப்படவேண்டும். தோட்டத்துக்கும் காட்டுக்கும் இடையே, காட்டுக்கும் பழங்குடிக் குடும்பத்தின் சாகுபடி நிலத்துக்கும் இடையே வழக்கு வரும் நாளில், சில சென்டிமீட்டர்கள் யாருடையவை என்பதை நீதிமன்றம் அந்தக் குறிப்பிலிருந்தே அறியமுடியும். மண்ணோடு சேர்ந்தே நகரும் பழைய சர்வே கற்களை, ஆயம் பதிவாகிவிட்டது என்ற காரணத்தால் பிடுங்கிப் போட்டுவிடாமல் இருந்த இடத்திலேயே காப்பதும் அதே அளவுக்கு அவசியம்.