கோரிக்கை கடக்கும் ஏழு நிலையங்கள்



தோட்டத்தில் பிறந்து கணினிக் கல்வி பயின்று, இன்று கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். "பையன் என்ன வேலை செய்கிறான்?" என்று யாரேனும் கேட்டால், "கம்ப்யூட்டர் வேலை" என்பதோடு நம் பதில் நின்றுவிடுகிறது. அந்த வேலையின் ஒரு பகுதியை இன்று காண்போம்.

பிள்ளையின் உபகாரச் சம்பளத்துக்குக் கைப்பேசி வழியே மனு அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்த மனு நேரே உரிய இடத்தைச் சென்றடைவதில்லை. வழியில் சில சோதனைகளைக் கடந்தே செல்கிறது. அச்சோதனைகளைச் செய்யும் சிறு நிரல்களுக்கு 'மிடில்வேர்' என்று பெயர். தமிழில் இடைநிரல் எனலாம்.

இணையத்தளம் அமைப்போர் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுவதில்லை. முன்பே செய்துவைத்த சட்டகம் ஒன்றை எடுத்து, அதன்மேல் தங்கள் வேலையைக் கட்டுகிறார்கள். ஜாங்கோ அத்தகைய சட்டகங்களுள் ஒன்று. அமெரிக்காவில் லாரன்ஸ் என்னும் ஊரில், ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் உருவாகி, 2005ஆம் ஆண்டில் எல்லாரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி வெளியிடப்பட்டது. இதில் புதிய தளம் ஒன்றைத் தொடங்கினால், அதன் அமைப்புக் கோப்பில் ஏழு இடைநிரல்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருக்கும். புதிய சோதனை வேண்டுமானால் ஒரு வரியைச் சேர்க்கலாம், வேண்டாததை நீக்கலாம்.

இந்த வரிசை எப்படி இயங்குகிறது? கிள்ளானில் கொமுட்டர் ரயிலேறிப் பிரிக்ஃபீல்ட்ஸிலுள்ள கே.எல். சென்ட்ரலுக்குப் போகிறவர், ஷா ஆலம், சுபாங் ஜெயா, அங்காசாபுரி என்று கடந்து செல்கிறார். திரும்பும்போது முதலில் அங்காசாபுரி, கடைசியில் ஷா ஆலம். அதுபோலவே நம் கோரிக்கை பட்டியலின் மேலிருந்து கீழே இறங்குகிறது. பதில் கீழிருந்து மேலே ஏறுகிறது. ஷா ஆலத்திலேயே ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்டால் அவர் அங்காசாபுரியைக் காணமாட்டார் அல்லவா? அப்படியே, ஓர் இடைநிரல் தடுத்துவிட்டால் கோரிக்கை அதற்கு அப்பால் செல்லாது.

ஆகவே எது முன், எது பின் என்பது முக்கியம். மரம் வெட்டிக் கொண்டுவந்த பாலை முதலில் வடிகட்டுகிறோம். பிறகே உறைவதற்கு அமிலம் சேர்க்கிறோம். உறைந்த பின் வடிகட்ட முடியுமா? இங்கும் வந்தவருடைய குறிப்பேட்டை எடுத்துத் தரும் இடைநிரல் முதலில் வரவேண்டும். அவர் யார் என்று அதைப் பார்த்துச் சொல்லும் இடைநிரல் அதற்குப் பின் வரவேண்டும். மாற்றி எழுதினால் ஜாங்கோ பிழையென்று கூறி நின்றுவிடும்.

ஆனால் எல்லாப் பிழையும் இப்படிக் குரல் கொடுப்பதில்லை. நாம் ஒரு தளத்தில் நுழைந்திருக்கும் வேளையில், வேறொரு தீய பக்கம் நமக்குத் தெரியாமலே நம் பெயரால் ஒரு படிவத்தை அனுப்ப முயலலாம். படிவத்தில் இரகசிய முத்திரை இருக்கிறதா என்று பார்த்து அதைத் தடுப்பது ஏழு இடைநிரல்களுள் ஒன்று. அதன் வரியை நீக்கிவிட்டாலும் பக்கங்கள் வழக்கம்போல் திறக்கும். படிவங்கள் வழக்கம்போல் போகும். காவலாளி இல்லாத வாசலிலும் நல்லவர்கள் வந்துபோகத்தானே செய்வார்கள்! கள்வன் வரும்போதுதான் குறை தெரியும்.

இதற்கும் வழியுண்டு. தளத்தை வெளியிடுமுன் சரிபார்க்க ஜாங்கோவில் 'செக் டிப்ளாய்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. அந்த வரி விடுபட்டிருந்தால் அது எச்சரிக்கும். ஆனால் கட்டளையை இடவேண்டியவர் மனிதர்.

நேயர்களே, அந்த இடத்தில் நாளை நம் பிள்ளை உட்காரலாம். நம் போன்ற குடும்பங்களின் அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கும் அவன் எழுதும் பட்டியலை நம்பி இருக்கும். "ஓடுகிறதே, போதும்" என்று விடாமல், "காவல் இருக்கிறதா?" என்று பார்க்கும் பழக்கத்தை இப்போதே அவனுக்குச் சொல்லிவைப்போம்.