சலுகை இஸ்லாமாபாத்துக்கு, பாரம் கிள்ளானுக்கு

2003 அக்டோபரில், லிபியாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஒரு சரக்குக் கப்பல் இத்தாலியின் தாரந்தோ துறைமுகத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. கண்டெய்னர்களைத் திறந்தால், மரப்பெட்டிகளில் யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்கு இயந்திரத்தின் பாகங்கள். அவை செய்யப்பட்ட இடம் நம் மலேசியாவில், கிள்ளானுக்கு அடுத்த ஊரான ஷா ஆலம். ஆர்டர் துபாயிலிருந்து வந்தது. எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்கான உதிரிகள் என்றுதான் தொழிற்சாலை சொன்னது. அவை எதற்குப் பயன்படும் என்று அதற்குத் தெரிந்திருக்கவில்லை என்றே 2004 பிப்ரவரியில் நம் போலீஸ் அறிக்கையும் கூறியது.

நேச நாடு என்றால் அணு ஆயுதப் பரவல் தடை விதிகளில் விலக்குக் கொடுக்கலாமா என்ற பேச்சு இப்போது மறுபடி சூடுபிடித்திருக்கிறது. பேசுகிறவர்கள் கான்பெராவைப் பார்க்கிறார்கள், சியோலைப் பார்க்கிறார்கள். ஷா ஆலமைப் பார்த்தால் போதும் என்பது என் கட்சி. அந்தப் பெட்டிகள் அங்கே உருவானதற்கு விதை, ஒரு நேச நாட்டுக்குக் கொடுத்த விலக்குதான்.

பாகிஸ்தான் ரகசியமாக யுரேனியம் செறிவூட்டுகிறது என்று 1979 ஏப்ரலில் அமெரிக்கா தன் சட்டப்படி உதவியை நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. இஸ்லாமாபாத் உடனே வேண்டப்பட்ட ஊராகிவிட்டது. 1981-இல் அதே சட்டத்திலிருந்து ஆறு ஆண்டு விலக்கு, கூடவே 3.2 பில்லியன் டாலர் உதவி. பாகிஸ்தானிடம் அணுகுண்டு இல்லை என்று ஆண்டுதோறும் அதிபர் சான்றளித்தால்தான் உதவி என 1985-இல் இன்னொரு சட்டம் வந்தது. சான்றிதழும் ஆண்டு தவறாமல் வந்தது. சோவியத் படை 1989-இல் வெளியேறியது. 1990-இல் சான்றிதழும் நின்றது. அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. 1998 மே மாதம் பலூசிஸ்தான் மலைக்குள் குண்டு வெடித்தது.

விலக்கு அளித்தவர்கள் ஒரு நாட்டுக்குத்தான் அளித்தார்கள். அது அந்த நாட்டோடு நிற்கவில்லை. பாகிஸ்தானில் செறிவூட்டும் வித்தையைக் கையில் வைத்திருந்தவர்கள் ஈரானுக்கும் வட கொரியாவுக்கும் லிபியாவுக்கும் கடை விரித்தார்கள். அந்தக் கடைக்கு உதிரிபாகம் செய்து கொடுக்க, கடைசல் வேலை சுத்தமாக நடக்கும் ஊர் ஒன்று தேவைப்பட்டது.

அம்பலமான பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். இப்படிக் கடை விரித்த வலைப்பின்னலின் தலைவர் 2004 பிப்ரவரி 4 அன்று தொலைக்காட்சியில் தோன்றி ஒப்புக்கொண்டார், மறுநாளே பொதுமன்னிப்பு. அனைத்துலக அணுசக்தி முகமை அவரை நேரில் விசாரிக்கவே முடியவில்லை. அதே ஆண்டு ஜூனில் பாகிஸ்தானுக்கு, நேட்டோவுக்கு வெளியே உள்ள முக்கிய நேச நாடு என்ற அந்தஸ்தை அமெரிக்கா வழங்கியது. நமக்குக் கிடைத்தது நெருக்குதல். கடைசியில் 2010-இன் வியூக வாணிபச் சட்டம்.

பிரிக்ஃபீல்ட்ஸின் இந்தியச் சாப்பாட்டுக் கடைகளில் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். 2008 செப்டம்பரில் அணுப் பொருள் வழங்கும் நாடுகளின் குழு இந்தியாவுக்குத் தந்த விலக்கும் இதே வகைதானே என்று அடுத்த கேள்வி எழும். இந்தியா யாருக்கும் குண்டு வித்தை விற்றதில்லை, அது நியாயமான வாதம். ஆனாலும் 22 உலைகளில் 14 மட்டுமே முகமையின் கண்காணிப்புக்கு வந்தன. கல்பாக்கத்தின் இரண்டு மின் உலைகளும், அங்கேயே கட்டப்பட்டு வந்த வேக ஈனுலையும் வெளியே நின்றன. அந்த விலக்கின் மை காய்வதற்குள், பாகிஸ்தானின் சஷ்மாவில் மூன்றாவது, நான்காவது உலைகளைக் கட்ட முன்வந்தது சீனா. பழைய ஒப்பந்தத்தின் தொடர்ச்சி என்று காரணமும் சொன்னது. ஒருவர் தன் நண்பனைக் கவனித்தால், மற்றவருக்கும் நண்பன் உண்டு.

இப்போது ஆக்கஸ் என்ற அணு நீர்மூழ்கித் திட்டம். 2021 செப்டம்பரில் மூன்று நாடுகள் அறிவித்த திட்டப்படி, ஆஸ்திரேலியாவுக்கு வரப்போகும் நீர்மூழ்கிகளில் குண்டு செய்யும் தரத்துக்குச் செறிவூட்டிய யுரேனியம் இருக்கும். முகமையோடு நாடுகள் செய்துகொள்ளும் கண்காணிப்பு ஒப்பந்தத்தின் 14-ஆம் பத்தி, கப்பலை ஓட்டும் எரிபொருளை வழக்கமான கணக்கெடுப்பிலிருந்து எடுத்து வைக்க இடம் தருகிறது. அரை நூற்றாண்டாக யாரும் தொடாத பத்தி அது. உலை முத்திரையிட்டு வரும், முகமையோடு தனி ஏற்பாடும் செய்துகொள்வோம் என்கிறது ஆஸ்திரேலியா, செய்யட்டும். ஆனால் பாங்கியில் 1982 முதல் இயங்கும் நம்முடைய ஒரு மெகாவாட் ஆய்வு உலையின் எரிபொருளுக்கு நாம் கணக்குக் காட்டிக்கொண்டிருக்கிறோம். பிரேசில் அதுபோன்ற பத்தியைக் கையில் எடுத்துவிட்டது. ஈரான் 2018-லேயே கப்பல் உலை பற்றி முகமைக்குக் கடிதம் எழுதியது. தென் கொரியாவின் அணு நீர்மூழ்கித் திட்டத்துக்கு 2025 அக்டோபரில் அமெரிக்கா தலையாட்டிவிட்டது.

இந்த விலக்குகளின் அடுத்த கசிவு எந்தத் தொழிற்பேட்டையில் தட்டுப்படும் என்பதுதான் என் கவலை. ஆண்டுக்கு 14 மில்லியனுக்கும் மேற்பட்ட கண்டெய்னர்கள் புழங்கும் துறைமுகம் கிள்ளானுடையது. அதில் பெரும்பங்கு இங்கே இறங்கி, வேறு கப்பலில் ஏறிப் போகும் சரக்கு. 2010 சட்டம் ஏற்றுமதியோடு நிற்பதில்லை; இடைவழிச் சரக்கு, கப்பல் மாற்றும் சரக்கு, இடைத்தரகு என எல்லாவற்றையும் பிடிக்கும். பட்டியலில் இல்லாத பொருளாக இருந்தாலும், சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தால் பெர்மிட் வேண்டும். சுங்கப் பாரத்தில் அலுமினியக் குழாய் என்றிருந்தால், அது எண்ணெய்க் கிணற்றுக்கா, மையவிலக்குக்கா? ஷா ஆலமில் கடைசல் பிடித்தவர்களுக்கே புரியாத விஷயத்தை, இரண்டு மேசை வைத்து நடக்கும் ஃபார்வர்டிங் அலுவலகம் கண்டுபிடிக்க வேண்டும். தவறினால் சிறை, மில்லியன் கணக்கில் அபராதம். பெரிய கம்பெனிகள் இதற்கென்றே ஆள் வைத்துக்கொள்ளும். கிள்ளானில் அப்பாவிடமிருந்து மகன் வாங்கி நடத்தும் ஏஜென்சிகள் யாரை வைக்கும்?

2025 ஜூலையில் அதே சட்டத்தின் கீழ் இன்னொரு அறிவிப்பு வந்தது: அமெரிக்காவில் உருவான உயர்திறன் செயற்கை நுண்ணறிவுச் சிப்புகள் இந்த நாட்டின் வழியாகப் போனால், முப்பது நாளுக்கு முன்பே தெரிவித்துப் பெர்மிட் வாங்க வேண்டும். லிபியாவுக்குப் போன மரப்பெட்டிக்காக எழுதிய சட்டம் சிப்புப் பெட்டி வரை நீண்டுவிட்டது. 14-ஆம் பத்தி போல ஒரு வசதி அதில் ஃபார்வர்டிங்காரருக்கு எங்கும் இல்லை.