பெயர் தெரியாத பாட்டைக் கண்டுபிடிக்கும் வழி

கைப்பேசியை நீட்டிப் பிடித்தால் ஒலிக்கும் பாட்டின் பெயரைச் சொல்லும் ஷசாம், 2002-இல் பிரிட்டனில் தொடங்கியது. அப்போது 2580 என்ற எண்ணை அழைத்து, பாட்டுக்குப் பக்கத்தில் ஃபோனைப் பிடிக்க வேண்டும். பெயர் குறுஞ்செய்தியாக வரும். பாட்டில் ஓங்கி ஒலிக்கும் இடங்களை நேரமும் அதிர்வெண்ணுமாகக் குறித்து, கைரேகை போன்ற அந்தக் குறிப்பைத் தன் சேமிப்பில் இருக்கும் குறிப்புகளோடு ஒப்பிடுவதே அதன் வேலை. 2020 முதல் கூகுளில் மெட்டை முணுமுணுத்தும் தேடலாம். ஆனால் சேமிப்பில் இல்லாத பாட்டுக்கு இரண்டிலும் விடை கிடைக்காது. அங்கே மனிதர்கள்தான் தேட வேண்டும்.

இப்படிப்பட்ட தேடல்களில் மிகவும் பெயர்பெற்றது ஒரு ஜெர்மன் கேசட்டில் இருந்த பாட்டு. 1984-ஐ ஒட்டி, வட ஜெர்மனியின் என்டிஆர் வானொலியில் வந்த பாட்டுகளை ஓர் இளைஞர் பதிவு செய்துவந்தார். பாட்டு மட்டும் சுத்தமாக வேண்டும் என்று அறிவிப்பாளர் பேச்சை விட்டுவிடுவார். அந்தப் பேச்சோடு பாட்டின் பெயரும் போய்விட்டது. 2007-இல் அவருடைய சகோதரி அதை இணையத்தில் ஏற்றி, யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். 2019-இல் பிரேசில் இளைஞர் ஒருவர் மேலும் பல இடங்களில் பரப்பிய பிறகு, உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் தேடலில் இறங்கினார்கள்.

அவர்கள் பாட்டைத் துருவிய விதம் வியக்க வைப்பது. கீபோர்டு ஒலி யமஹா டிஎக்ஸ்7 போல இருப்பதாகச் சிலர் கணித்தார்கள். அந்தக் கருவி சந்தைக்கு வந்தது 1983-இல் என்பதால், பாட்டு அதற்கு முந்தியதாக இருக்காது என்று முடிவு கட்டினார்கள். பழைய வானொலி அறிவிப்பாளர்களைக் கேட்டுப் பார்த்தார்கள். மங்கலான பதிவில் பாடல் வரிகள் ஆளுக்கு ஒருவிதமாகக் கேட்டதால், வரியை வைத்துத் தேடியவர்களுக்குப் பலன் இல்லை.

விடை கிடைத்தது பழைய செய்தித்தாளிலிருந்து. என்டிஆர் நடத்திய இசைக்குழுப் போட்டி பற்றிய அந்தக் காலத்துச் செய்திகளைப் படித்துவந்த ஒருவர், கீல் நகரத்தின் ஃபெக்ஸ் குழுவின் பெயரைக் கண்டு, அதன் பழைய உறுப்பினரைத் தொடர்பு கொண்டார். பாட்டு அவர்களுடையதுதான். 'சப்வேஸ் ஆஃப் யுவர் மைண்ட்' என்ற அதன் பெயர் 2024 நவம்பரில் வெளியானது. இசைத்தட்டாக வெளிவராத பாட்டு என்பதால்தான் எந்தப் பட்டியலிலும் அகப்படவில்லை.

அதே ஆண்டு ஏப்ரலில் இன்னொரு புதிரும் அவிழ்ந்தது. 2021-இல் வெறும் 17 நொடித் துணுக்காக இணையத்துக்கு வந்த பாட்டு, 1986-இல் வந்த வயது வந்தோருக்கான படம் ஒன்றில் பின்னணியாக ஒலித்திருந்தது.

பெயர் மறந்த திரைப்படங்களைத் தேடுவது இதைவிடக் கடினம். கேசட்டில் இருப்பது அசல் ஒலி. படத்துக்கோ பெரும்பாலும் நினைவைத் தவிர வேறு ஆதாரம் இருக்காது. நினைவு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுகிறது, விட்டுப்போன இடத்தைப் பழகிய விஷயங்களால் நிரப்பிக்கொள்கிறது என்று உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932-லேயே எழுதினார். நகைச்சுவை நடிகர் சின்பாட் பூதமாக நடித்த தொண்ணூறுகளின் படம் ஒன்றைப் பார்த்ததாக அமெரிக்கர்கள் பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். அப்படி ஒரு படமே இல்லை. தான் நடிக்கவில்லை என்று சின்பாடும் சொல்லிவிட்டார். 1996-இல் வந்த 'கஸாம்' படத்தில் பூதமாக நடித்தவர் கூடைப்பந்து வீரர் ஷக்கீல் ஓநீல்.

ஆகவே தான் பார்த்த படம் எது என்று பிறரிடம் கேட்பவர் கதையைத் தானே கோத்துச் சொல்வதைவிட, எதைக் கண்ணால் பார்த்தார், எதை ஊகிக்கிறார் என்று பிரித்துச் சொல்வதே உதவும். எந்த ஆண்டை ஒட்டி, எந்தச் சேனலில் அல்லது தியேட்டரில் பார்த்தது, கறுப்பு வெள்ளையா வண்ணமா, டப்பிங் படமா என்ற விவரங்கள் நடிகரின் முகச்சாயலைவிட அதிகம் பயன்படும். ஒரே ஒரு விசித்திரக் காட்சி தெளிவாக நினைவில் இருந்தால், அதைப் பார்த்த இன்னொருவர் உடனே அடையாளம் கண்டுகொள்ளக்கூடும்.