பழைய டிராக்டர் கிளம்பாமைக்கான மின் கோளாறுகளும் அவற்றைக் கண்டறியும் முறையும்

இந்தியாவில் டிராக்டர் உற்பத்தி 1959-ஆம் ஆண்டு ஃபரீதாபாதில் தொடங்கியது. 1960-களில் சென்னையிலும் மும்பையிலும் ஆலைகள் எழுந்தன. முப்பது நாற்பது ஆண்டுகள் கடந்த பழைய டிராக்டர்கள் பல இன்றும் உழவர்களிடம் உழைத்து வருகின்றன. எஞ்சின் நல்ல நிலையில் இருப்பினும், சாவியைத் திருப்பினால் அது கிளம்புவதில்லை என்னும் குறை இவற்றில் அடிக்கடி எழுகிறது. விதைப்புக்கு ஏற்ற ஈரம் சில நாட்களே நிற்கும் மானாவாரி நிலங்களில் இத்தாமதம் ஒரு பருவத்தையே பாழாக்கக் கூடும். அவசரத்தில் உழவர் புதிய பாட்டரி வாங்கி விடுகிறார். சில வாரங்களில் பழைய குறையே மீண்டும் தோன்றுகிறது. எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பார்ப்பதே முறையாகும்.

மின்சாரம் செல்லும் வழி

டீசல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்க மின்பொறி தேவையில்லை. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பமே அதைச் செய்கிறது. அவ்வெப்பம் உண்டாவதற்கு எஞ்சின் போதிய வேகத்தில் சுழல வேண்டும். சுழற்றுவது, பட்டறைகளில் ‘செல்ஃப்’ என வழங்கும் ஸ்டார்ட்டர் மோட்டார்.

இதில் இரு மின்சுற்றுகள் உள்ளன. பாட்டரியிலிருந்து தடித்த கம்பி வழியாகச் சாலினாய்டு சுவிட்சுக்கும், அங்கிருந்து மோட்டாருக்கும் சென்று, எஞ்சின் உடலின் வழியே எர்த் கம்பியை அடைந்து பாட்டரிக்குத் திரும்புவது பெருஞ்சுற்று. சாவியிலிருந்து சாலினாய்டை இயக்குவது சிறு சுற்று. கியர் நியூட்ரலில் இருந்தாலன்றி மின்சாரத்தை விடாத பாதுகாப்புச் சுவிட்சு, அது பொருத்தப்பட்டுள்ள டிராக்டர்களில், இச்சிறு சுற்றில் இருக்கும்.

பெருஞ்சுற்றில் 200 ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டம் பாயக்கூடும். துருவேறிய ஓர் இணைப்பின் மின்தடை 0.01 ஓம் மட்டுமே எனக் கொள்வோம். 200 ஆம்பியர் பாயும்போது அங்கே 2 வோல்ட் இழக்கப்படுகிறது. 400 வாட் ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. அதே இணைப்பின் வழியே 4 ஆம்பியர் கொள்ளும் விளக்கை எரித்தால் இழப்பு 0.04 வோல்ட்தான். ஆகவே, விளக்கு நன்றாக எரிவதைக் கொண்டு இணைப்புகள் சரியாக உள்ளன என முடிவு செய்தல் தவறு.

விளக்குச் சோதனை

கியரை நியூட்ரலில் வைத்து, பிரேக்கைப் பூட்டி, முன்விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்புக.

1. விளக்கு மங்காமல், ஒலியும் எழாவிடில், கோளாறு பெரும்பாலும் சிறு சுற்றில்: சாவி, பாதுகாப்புச் சுவிட்சு, மெல்லிய கம்பி ஆகியவற்றைப் பார்க்கவும்.

2. ‘டக்’ என்ற ஒலி எழுந்தும் விளக்கு மங்காவிடில், சாலினாய்டின் தொடுமுனைகள் கருகியிருக்கலாம். அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம்.

3. விளக்கு மிகவும் மங்கி, மோட்டார் மெல்லச் சுழன்றால், பாட்டரி இறங்கியிருக்கலாம். அல்லது மோட்டார் உட்புறம் உரசலாம்.

4. விளக்கு அறவே அணைந்தால், முதலில் பாட்டரி முனைகளின் இணைப்பைச் சோதிக்கவும்.

வோல்ட்மீட்டர் சோதனை

முழுதும் மின்னேற்றிய 12 வோல்ட் பாட்டரி, ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும்; 12 வோல்ட்டுக்குக் குறைந்தால் முதலில் மின்னேற்ற வேண்டும். பின்னர், எஞ்சின் கிளம்பாதவாறு நிறுத்தும் குமிழை இழுத்து வைத்து, மோட்டாரை 10 விநாடிக்கு மேற்படாமல் சுழற்றுக. அப்போது பாட்டரி முனைகளில் 9.6 வோல்ட்டுக்குக் குறைந்தால் பாட்டரி ஐயத்திற்குரியது. குறையாமலிருந்தும் மோட்டார் மெல்லச் சுழன்றால், மீட்டரின் இரு முனைகளையும் ஒவ்வோர் இணைப்பின் இருபுறமும் வைத்து, மீண்டும் சுழற்றிப் பார்க்கவும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டும் இணைப்பே குற்றவாளி.

எர்த் கம்பியைத் தவறாது சோதிக்க வேண்டும். டிராக்டருக்குப் புதுவர்ணம் பூசியபின், அவ்வர்ணத்தின் மேலேயே அக்கம்பியை முடுக்கிவிடுவதுண்டு. வர்ணம் மின்சாரத்தைக் கடத்தாது. அவ்விடத்தைச் சுரண்டி உலோகம் பளிச்சிடச் செய்து, இறுக முடுக்கி, வாசலின் பூசினால் போதும். பாட்டரி முனைகளைக் கழற்றும்போது எர்த் கம்பியை முதலில் கழற்றி, இறுதியில் மாட்டுக. பழைய பிரிட்டிஷ் டிராக்டர்கள் சிலவற்றில் நேர்முனையே எர்த்துடன் இணைந்திருக்கும். அதை முதலில் உறுதி செய்துகொள்க. மின்னேற்றும்போது பாட்டரியிலிருந்து வெடிக்கக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால், அருகில் நெருப்பு ஆகாது.

உயிருக்கு ஆபத்தான குறுக்குவழி

தரையில் நின்றபடி, ஸ்டார்ட்டரின் இரு முனைகளையும் திருப்புளியால் இணைத்து எஞ்சினைக் கிளப்பும் வழக்கம் உண்டு. இது பாதுகாப்புச் சுவிட்சைப் பயனற்றதாக்குகிறது. கியர் விழுந்திருந்தால் டிராக்டர் அக்கணமே நகரும். பின்சக்கரத்தின் முன் நிற்பவர் விலக நேரமிராது. சாவி மூடியிருந்தாலும், நிறுத்தும் குமிழ் இழுக்கப்படாத டீசல் எஞ்சின் கிளம்பிவிடும். இவ்வாறு உயிரிழந்தோர் உண்டு. பழுதான பாதுகாப்புச் சுவிட்சை நேரடியாக இணைத்து விடுவதும் இத்தகைய ஆபத்தே. அதை மாற்றுவதே தக்கது.

கள அலுவலர்கள் உழவர் கூட்டங்களில் இச்சோதனைகளைச் செய்துகாட்டலாம். ஓமின் விதியைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு, ஒரு டிராக்டரும் ஒரு வோல்ட்மீட்டரும் சிறந்த ஆய்வுக்கூடமாகும்: கண்ணுக்குப் புலப்படாத நூற்றில் ஒரு பங்கு ஓம், ஓர் எஞ்சினையே நிறுத்திவிடுவதை மாணவர் நேரில் காண்பர்.